விண்ணப்பம் போடும் வேளை

பெரிய முதலியார்சாவடியில் 'பட்டாளம்' என்று சொன்னால், பனிமலையும் எல்லைக்கோடும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. சில மைல் தெற்கே இருக்கும் புதுச்சேரியின் 'சொல்தா'தான் வருவார். பிரெஞ்சுப் படையில் ஊழியம் பார்த்துத் திரும்பி, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கிய மனிதர். அவர் எந்தச் சண்டையில் இருந்தார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மாதம் எவ்வளவு வாங்கினார் என்று சொல்வார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. வெயில் அடித்தால் உப்பு, காற்று அடங்கினால் மீன் என்று வாழ்கிற கரை இது. மாதம் பிறந்தால் தவறாமல் வரும் பணத்தின் அருமை இங்கே நன்றாகத் தெரியும்.

ஆகவே, சென்ற ஐப்பசியில் ஒருவர் என்னைத் தேடி வந்து, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகனை 'மிலிட்டரி ஆபீசர் படிப்பு'க்கு எப்போது விண்ணப்பிக்கச் செய்வது என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். ஐப்பசி மழை பிடித்தால் பாத்திகள் மூழ்கும். வேலையும் கூலியும் நின்றுபோகும். சைனிக் பள்ளிகள் விண்ணப்பம் கேட்பதும் பெரும்பாலும் அந்த மழைக்காலத்தில்தான். அடுக்குப் பானையில் அரிசி குறைகிற நேரத்தில் 'உபகாரச் சம்பளம்' என்ற சொல் காதில் விழுந்தால் எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய தாயாரும் கூடவே வந்திருந்தார். "பத்து வயசுப் புள்ளைய எங்கியோ மலையடியில கொண்டுபோயி வுட்டுட்டு வரப் போறானாம். நீங்களே நாயத்தைச் சொல்லுங்க ஐயா" என்றார். பத்தாம் வகுப்பில் படிக்கும் மூத்த பெண் வாசற்படி ஓரமாக நின்றாள். அவளை யாரும் பேச்சில் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் கேட்டதற்குச் சட்டப்படி பதில் சொல்வது சுலபம். உடுமலைப்பேட்டைக்கு அருகே, அமராவதி அணைப் பக்கம், 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர, அந்த ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி பத்து வயது நிறைந்து, பன்னிரண்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15 வரை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து மாநில அரசின் உதவித்தொகை உண்டு. அடுத்தது, பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமி. பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். அதுவும் தவறினால் பட்டம் பெற்ற பிறகு பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. சீனப் போருக்குப் பின் 1963-இல் அவசரத் தேவைக்காகத் தோன்றிய பள்ளி அது, இன்றும் இயங்குகிறது.

இப்படி வரிசையாகச் சொன்னால், "நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாமே" என்றுதான் தோன்றும். ஆனால் இந்த வாசல்கள் எல்லாம் ஒரே பாஷை பேசுவதில்லை. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டுமே. கடக்வாஸ்லாவுக்கான வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும்; எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200, கணக்குக்கு 300. ஊர்ப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு, அவன் பாஷையில் திறக்கும் வாசல், அவனுக்கு ஒன்றும் புரியாத வயதில் திறக்கிறது. அவனுக்குப் புரிகிற வயதில் திறப்பது வேறு பாஷையில் பேசுகிறது. தகப்பனாரின் சங்கடம் உண்மையில் இதுதான். தேதியைச் சொல்லிவிட்டால் அது தீர்ந்துவிடாது.

அவருக்குத் தெரிந்த தொழிலை வைத்தே யோசித்துப் பார்த்தேன். கடல்நீர் வெயிலில் சுண்டி, போமே கருவியில் ஏறக்குறைய 25 பாகை காட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் வாரினால் கையில் வருவது தண்ணீர். 30-ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். ஆனால் பாத்திக்கு நீர் பாய்ச்சுவதற்கு யாராவது 25 பாகைக்காகக் காத்திருக்கிறார்களா? பாய்ச்சும் வேளை வேறு, வாரும் வேளை வேறு.

அதனால் அவரிடம் சொன்னேன்: "இப்போதே விண்ணப்பம் போடுங்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள். ஊரோ விழுப்புரம் மாவட்டம். பள்ளி இருக்கும் மாநிலத்துக்கு 67 சதவீத இடம் உண்டு. ஆகவே இருப்பிடச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தேர்வு எழுதுவதால் பையன் பட்டாளத்துக்குப் போய்விடமாட்டான். இடம் கிடைத்தால், ஒருமுறை அந்தப் பள்ளியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, அவனும் அவன் ஆயாவும் நீங்களும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவன் அழுதால் விட்டுவிடுங்கள். உதவித்தொகைக்காக மட்டும் அனுப்பாதீர்கள்."

கடைசி வார்த்தையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்தவன் சொல்லும் புத்திமதி அது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டுப் பயிற்சி. தரைப்படைக்குப் போகிறவர்களுக்கு மேலும் ஓராண்டு டேராடூனில். செலவில் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையது. ஆனால் சேரும்போது பெற்றோர் ஓர் உறுதிப்பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; தக்க காரணமின்றிப் பிள்ளை நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரும். மனம் இல்லாமல் போனவன் விலகவும் முடியாமல், தங்கவும் முடியாமல் தவிப்பான். அந்தத் தவிப்புக்கு உபகாரச் சம்பளம் ஈடாகாது.

தகப்பனார் எழுந்துவிட்டார். அப்போதுதான் வாசற்படியிலிருந்து குரல் வந்தது: "பொண்ணுங்க எழுதலாமா சார்?"

எழுதலாம். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவினால் அந்த ஆண்டு நவம்பர் தேர்வில் முதன்முறையாகப் பெண்கள் உட்கார்ந்தார்கள். 19 இடங்கள் ஒதுக்கினார்கள். 2022-இல் சேர்ந்த அந்த முதல் அணியிலிருந்து 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பெண்களுக்கு நூறு ரூபாய் விண்ணப்பக் கட்டணமும் கிடையாது.

இதைச் சொல்லிவிட்டு, "அடுத்த ஆனியில் எந்த குரூப் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். "காமர்ஸ்னு அப்பா சொல்றாரு" என்றாள். கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்தாலும் தரைப்படைப் பிரிவுக்கு எழுதத் தடையில்லைதான். ஆனால் அந்த 300 மதிப்பெண்ணை எங்கே போய்த் தேடுவது? கப்பற்படைக்கும் விமானப்படைக்கும் பௌதிகம், ரசாயனம், கணிதம் மூன்றும் கட்டாயம். விண்ணப்பப் படிவம் இரண்டு வருஷம் கழித்துத்தான் வரும். அவளுடைய வேளை என்னவோ வரும் ஆனியிலேயே வந்துவிடும். தகப்பனார் மகளைத் திரும்பிப் பார்த்தார். கிழவி மட்டும், "இது வேறயா!" என்றார். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்புவது நல்லதா கெட்டதா என்று இங்கே நான் வழக்காடவில்லை. அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. படிவம், சான்றிதழ், பாடத் தேர்வு இவற்றை எவ்வளவு முன்னால் செய்தாலும் நஷ்டமில்லை. போகாமல் இருக்கும் உரிமை அப்போதும் கையில் இருக்கும். போவது என்கிற முடிவு மட்டும், போகிறவரின் வாயிலிருந்து வரவேண்டும். உறுதிப்பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டுவிட்டோமா என்று பெற்றவர்கள் ஒருகணம் நிதானித்தால் போதும்.