போர்ட் காணோம்பா!

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம், வேறொன்றுமில்லை. இன்றைக்குக் கொஞ்சம் பொட்டி சமாச்சாரம். கணினி வேலையில் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். தங்கமணி படித்துவிட்டு "பாதி புரியுது" என்று சான்றிதழ் கொடுத்தாச்சு :-)

2022 மே மாதம். பையனுக்குப் பள்ளி விடுமுறை, ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறானே என்று புனே தாப்கீர் கல்லியில் ஒரு மலிவு ஆர்டுயினோ போர்டு வாங்கிக் கொடுத்தேன். அசல் இல்லை, நகல்தான். வீட்டுப் பொட்டியில் அப்போதுதான் உபுண்டு 22.04 போட்டிருந்தேன். போர்டைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் நிரலை ஏற்ற முடியவில்லை.

"அப்பா, போர்ட் காணோம்பா."

கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தேன். போர்ட் வந்திருக்கிறது. உடனே காணாமல் போயும் இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன கொசுவத்தி. ஒரு கருவியைச் செருகியதும் அதற்கான டிரைவரை லினக்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம் வீட்டுக் கல்யாணம் மாதிரிதான். ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் இரண்டு எண்களைச் சொல்லிக்கொண்டு வரும். ஒன்று தயாரிப்பாளர் எண், இன்னொன்று பொருள் எண். ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலை வைத்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கெர்னல் பார்க்கும். அந்த வேலைக்குப் பெயரே 'மேட்ச்'தான், நான் இட்டுக்கட்டவில்லை. பொருத்தம் இருந்தால் அடுத்தது 'ப்ரோப்', அதாவது பெண் பார்க்கும் படலம். டிரைவர் கருவியிடம் பேசிப் பார்த்து, சரி என்றால் முடிச்சு விழும். அதுதான் பைண்டிங். யூஎஸ்பியில் முடிச்சு விழுவது முழுக் கருவிக்கு அல்ல, அதன் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் தனித்தனியாக. வெப்கேம் ஒன்றில் படத்துக்கு ஒரு டிரைவர், மைக்குக்கு வேறொன்று என்று இருப்பது இதனால்தான்.

எங்கள் போர்டில் இருந்தது சிஎச்340 என்ற சீனச் சில்லு. எண் 1ஏ86:7523. கெர்னலில் இதற்கு சிஎச்341 என்று டிரைவர் உண்டு. முடிச்சும் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் பதிவில் அடுத்த வரியில் வேறொரு பெயர்: பிஆர்எல்டிடிஒய்.

இணையத்தில் தேடினால் நூறு பேர் இதே புலம்பல். எல்லா இடத்திலும் ஒரே வைத்தியம்: அந்த பேக்கேஜைத் தூக்கிவிடு. தூக்கினேன். போர்ட் வந்தது, விளக்கு மினுக்கியது, பையன் குதித்தான். பத்து நிமிட வேலை.

இதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆபீஸ் சோதனைக்கூடத்தில் இதே சில்லு வைத்த பலகைகள் நிறைய. அங்கேயும் 22.04க்கு மாறினோம், அங்கேயும் போர்ட் காணோம். நம்மிடம்தான் மருந்து இருக்கிறதே! அமைவு ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "தேவையில்லாத பேக்கேஜை நீக்க இந்த ஸ்கிரிப்டை ஓட்டவும்." எந்த பேக்கேஜ், எதற்காக என்று எழுதவில்லை. ஒரு வரியில் வேலை முடிகிறதே என்ற பெருமை வேறு.

அடுத்த வாரம் ஒரு நண்பர் என் இடத்துக்கு வந்தார். பக்கத்து டீம், மராட்டிக்காரர், பிறவியிலேயே பார்வையில்லை. அவர் மேஜையில் கீபோர்டுக்கு முன்னால் ஒரு நீளமான பட்டை இருக்கும். திரையில் உள்ள வரி அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பும், அவர் விரலால் தடவிப் படிப்பார்.

"உங்க ஆவணத்துல இருக்கற ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். அதுக்கப்புறம் என் பட்டை செத்துப்போச்சு," என்றார் இந்தியில். கோபமெல்லாம் இல்லை, ஒரு பிழையைத் தெரிவிக்கிற குரல்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிஆர்எல்டிடிஒய் என்பதில் முதல் மூன்று எழுத்தும் பிரெய்ல்தான். 1995இலிருந்து வளர்ந்துவரும் மென்பொருள் அது. பிரெய்ல் பட்டையைச் செருகிய உடனே, கண் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாமலே ஒருவர் பொட்டியை இயக்க முடியவேண்டும் என்றுதான் உபுண்டு அதை முதலிலேயே போட்டுக் கொடுக்கிறது. அதைத்தான் 'தேவையில்லாத' என்று எழுதியிருந்தேன்.

அவரிடம் திரையைப் படித்துச் சொல்லும் குரல் இருந்தது. ஆனால் அன்று காலை வாடிக்கையாளரோடு தொலைபேசிக் கூட்டம். காதில் அவர்கள் பேச்சு, விரலில் பதிவுக் கோப்பு, இப்படித்தான் அவர் வேலை செய்வார். அன்று அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல், கேட்ட கேள்விக்கெல்லாம் "பிறகு சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். "பேக்கேஜ் பேரை எழுதியிருந்தா நான் ஓட்டியே இருக்கமாட்டேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். அந்த மென்பொருளின் விதிக் கோப்பில் 1ஏ86:7523க்கு நேரே 20 செல் ஜூமேக்ஸ் பிரெய்ல் கருவியின் பெயர் இருந்தது. அந்தக் கருவிக்குள்ளும் இதே சில்லு. தனக்கென்று எண் வாங்கக் காசு ஆகும். வாங்காவிட்டால் சில்லின் எண்ணோடே பொருள் கடைக்கு வந்துவிடும். ஆக, பையனின் போர்டும் பார்வையற்ற ஒருவரின் வாசிப்புக் கருவியும் கெர்னலிடம் ஒரே ஜாதகத்தைத்தான் நீட்டுகின்றன. எந்தப் பக்கமும் தப்பு செய்யவில்லை.

கெர்னலோடு வரும் ஆவணங்களில் டிரைவர் பைண்டிங் பற்றி ஒரு சின்னக் கோப்பு உண்டு. நல்ல கோப்பு, ஆனால் அது கெர்னலுக்குள் நடப்பதை மட்டுமே சொல்லும். முடிச்சு விழுந்த பிறகு வெளியிலிருந்து ஒரு மென்பொருள் வந்து டிரைவரை விலக்கிவிட்டு உட்காரலாம் என்பது அதில் வராது. அதை நம்மைப் போன்றவர்கள்தான் எழுதவேண்டும்.

எழுதினேன். ஒரு வரி இருந்த இடத்தில் ஒன்றரைப் பக்கம். இன்டர்ஃபேஸை யார் பிடித்திருக்கிறார்கள் என்று எங்கே பார்ப்பது. பேக்கேஜைத் தொடாமல், விதிக் கோப்பை அதே பெயரில் ஈடிசி பக்கம் நகலெடுத்து, அந்த ஓர் எண்ணை மட்டும் முடக்குவது எப்படி. (ஈடிசியில் இருக்கும் கோப்புக்குத்தான் முதல் மரியாதை. பேக்கேஜ் புதுப்பிக்கப்பட்டால் நகலையும் சரிபார்க்கவேண்டும், மறந்தால் அது தனிக் கதை.) ஒரே ஒருமுறைக்கு மட்டும் என்றால் 2005இல் வந்த 2.6.13 கெர்னலிலிருந்தே இருக்கும் 'பைண்ட்' கோப்பில் இன்டர்ஃபேஸ் பெயரை எழுதி, கையாலேயே முடிச்சுப் போடலாம் என்பது. இந்த எண்ணில் பிரெய்ல் கருவி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக்கூடாது என்பதை முதல் வரியாகவே போட்டேன்.

வெளியிடும் முன் நண்பருக்கு அனுப்பினேன். அவர் பட்டை அதற்குள் உயிர் பெற்றிருந்தது. அரை மணியில் பதில் வந்தது:

"நன்றாக இருக்கிறது. மூன்றாவது படியில் 'படத்தில் உள்ளபடி செய்யவும்' என்று இருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறது?"

படத்தை எடுத்துவிட்டு, அதிலிருந்த நான்கு வரிகளையும் தட்டச்சு செய்துவிட்டுத்தான் அன்று வீட்டுக்குக் கிளம்பினேன்.