கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பலூன்

அமெரிக்காவின் சான்டா ஃபேயிலிருந்து இருட்டிலேயே காரில் கிளம்பி, ஐந்து மணிக்கெல்லாம் அல்புகர்க்கி நகரின் பலூன் விழா மைதானத்துக்கு வந்துவிட்டேன். அக்டோபர் முதல் வாரம். விரல்கள் விறைக்கும் குளிர். பலூன்கள் இன்னும் துணி மூட்டைகளாகப் புல்லில் கிடக்கின்றன. வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள்.

விடிவதற்கு முன்பே சில பலூன்கள் மட்டும் எழும்புகின்றன. பர்னரைத் திறக்கும்போதெல்லாம் துணி முழுக்க ஒளி பரவி, மறுபடி இருள்கிறது. ‘டான் பெட்ரோல்’ என்ற இந்த வழக்கம் 1978-இல் தொடங்கியது. எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை இவற்றைப் பார்த்தே கீழே இருக்கும் பைலட்டுகள் கணக்குப் போடுகிறார்கள்.

பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், போகும் திசை காற்றின் விருப்பம். ஆனாலும் இந்த ஊரில் பலூன் புறப்பட்ட மைதானத்துக்கே திரும்பி வருவதுண்டு. இரவில் குளிர்ந்து கனத்த காற்று ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு வழியே வடக்கிலிருந்து தெற்கே வழிகிறது. அதற்கு மேலே தெற்கிலிருந்து இன்னொரு காற்று. பைலட் தாழப் பறந்து தெற்கே போகிறார்; பர்னரைத் திறந்து உயர்ந்து, மேல்காற்றில் வடக்கே வருகிறார்; பிறகு இறங்குகிறார். ‘அல்புகர்க்கி பாக்ஸ்’ என்று இதற்குப் பெயர். எல்லா நாளும் இது அமையாது. அமைந்தாலும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். இத்தனை பேர் தூக்கத்தை விட்டு வருவது அதனால்தான்.

1972 ஏப்ரல் 8 அன்று, கேஓபி வானொலியின் 50-ஆம் ஆண்டையொட்டி, உள்ளூர்க்காரர் சிட் கட்டர் முன்னின்று நடத்திய முதல் விழாவில் 13 பலூன்கள்தான். இடம், ஒரு ஷாப்பிங் மாலின் கார் நிறுத்துமிடம். 2000-இல் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. இதற்கிடையே 1978-இல் இவ்வூரின் மாக்ஸி ஆண்டர்சன், பென் அப்ருஸோ, லாரி நியூமன் மூவரும் ‘டபுள் ஈகிள் II’ என்ற ஹீலியம் பலூனில் அட்லாண்டிக்கைக் கடந்து பிரான்ஸில் இறங்கினார்கள். பலூனில் அதைச் சாதித்தவர்களில் அவர்களே முதல்வர்கள்.

பார்வையாளரையும் பலூனையும் இங்கே வேலி பிரிப்பதில்லை. அதுதான் எனக்கு ஆகப் பிடித்தது. மின்விசிறி காற்றை ஊத, பக்கத்தில் கிடந்த மஞ்சள் துணி மெல்லப் புரண்டு எழுகிறது. பர்னர் சீறுகிறது, முகத்தில் வெப்பம் அடிக்கிறது. வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளை உடுத்த, பலூன்கள் கிளம்ப அனுமதி தரும் ‘ஸீப்ரா’ ஒருவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, விசில் ஊதிக் கட்டைவிரலை உயர்த்துகிறார்.

கூடை தரையை விடுகிறது. அதைத் துரத்திப் பிடிக்க வேண்டிய குழு பிக்கப் வண்டியை நோக்கி ஓடுகிறது. சாண்டியா மலைக்குப் பின்னால் வெளிச்சம் வந்துகொண்டிருக்கிறது.