தண்ணி ஒத்துக்கல

எங்க வீட்டில் இருபது வருஷமாக ஒரு பொய் இருந்தது. அண்ணன் 2004-இல் சென்னைக்குப் படிக்கப் போனான். தீபாவளிக்கு முன்னாடியே தகரப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். ஏன் வந்தான் என்று யார் கேட்டாலும் அம்மா ஒரே பதில்தான் சொல்லும். "பட்டணத்துத் தண்ணி ஒத்துக்கல."

காலனியே அதை நம்பியது. நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

2025 மே மாதம் அண்ணன் மகள் பிளஸ் டூவில் 600-க்கு 561 வாங்கினாள். அரசுப் பள்ளி. இயற்பியல் படிக்கணும் என்று ஒரே பிடிவாதம். அவள் முன்னால் மூன்று கல்லூரிகள் இருந்தன. ஒன்று, நான் படித்த மாவட்டத் தலைநகரத்து அரசு கலைக் கல்லூரி. இன்னொன்று, சென்னையில் பேர் பெற்ற பழைய கல்லூரி. மூன்றாவது, தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பணக்காரர் கட்டிய சுயநிதிக் கல்லூரி.

மூன்றாவதுதான் முதலில் எங்களைத் தேடி வந்தது. காலனி முனையில் பைக்கை நிறுத்தி ஒருத்தர் இறங்கினார். "எஸ்.சி. பிள்ளைங்களுக்கு ஒரு பைசா வேணாம். வேன் வரும். ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க போதும்." ஏதோ அவர் பாக்கெட்டிலிருந்து தருகிற மாதிரி பேசினார். 2012-இல் தமிழக அரசு போட்ட அரசாணை 92-ஐத்தான் அவர் கையில் வைத்துக்கொண்டு வித்தார். சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் பிள்ளைகளின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும் என்பது அந்த ஆணை. அது நம் உரிமை. சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டால், பிள்ளைக்கு வேறு இடத்தில் நல்ல சீட்டு கிடைத்தாலும் நகர முடியாது. எங்கள் பகுதியில் இரண்டு பிள்ளைகளின் சான்றிதழை மீட்க நாங்கள் நாலு மாசம் நடந்திருக்கிறோம். அவரை அனுப்பிவிட்டோம்.

மிச்சம் இரண்டு. அங்கேதான் சண்டை தொடங்கியது.

அண்ணன் சொன்னான்: "பக்கத்துலயே படிக்கட்டும். பஸ் பாஸ் உண்டு. வூட்டு சோறு உண்டு. நீ படிக்கலியா? இன்னா கொறஞ்சி போயிட்ட?"

நான் 2006-இல் பிளஸ் டூ முடித்தேன். கணக்கில் நல்ல மார்க். ஆனாலும் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் எடுத்தேன். தமிழ் மேல் ஆசைப்பட்டு எடுத்தேன் என்று மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. அண்ணன் பெட்டியோடு திரும்பி வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கே செலவு இல்லையோ அங்கே போனேன். எங்கே யாரும் என்னைத் திருப்பி அனுப்ப மாட்டார்களோ அங்கே போனேன்.

அந்தக் கல்லூரியை நான் குறைத்துப் பேச மாட்டேன். வகுப்பில் பாதிக்கு மேல் எங்களைப் போன்ற பிள்ளைகள். எவளும் எவள் டிபன் பாக்ஸையும் மோந்து பார்த்ததில்லை. அண்ணல் அம்பேத்கர் நூல்தொகுப்பின் தமிழ் பாகங்களை முதல்முதலாக அங்கேதான் ஒரு சீனியர் அக்கா என் கையில் கொடுத்தது. நான் இன்று இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்றால் அந்த மரத்தடிதான் காரணம். ஆனால் பல பாடங்களுக்கு ஆசிரியர் இல்லை. கௌரவ விரிவுரையாளர்கள் சொற்பச் சம்பளத்தில் ஓடி ஓடி எடுத்தார்கள். நூலகம் பாதி நாள் பூட்டியிருந்தது. பின்னாளில் எம்.ஏ. முடித்து ஒரு நேர்காணலுக்குப் போனேன். "யு.ஜி. எங்க?" என்றார் ஒருவர். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதன் பிறகு கேட்ட கேள்விகள் எல்லாம் சும்மா மரியாதைக்கு.

கல்லூரியின் பேருக்கு அப்படி ஒரு விலை இருக்கிறது. 2017 முதல் மத்திய அரசு கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்துகிறது. ஐந்து தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள். அதில் ஒரு தலைப்பு, அந்தக் கல்லூரியைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது. பேருக்கே மார்க்! எங்கள் தெருவில் வந்து நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அந்தப் பேரால் திறக்கிற கதவுகள் நிஜமான கதவுகள். ஆதிக்க சாதிக்காரன் தன் பிள்ளைக்கு அந்தக் கதவைத்தான் முதலில் தேடுகிறான். நம் பிள்ளைக்கு மட்டும் "பக்கத்துல இருக்கறது போதும்" என்று நாமே சொல்வதா?

இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "நீ பயந்து ஓடி வந்த. அவ ஏன் பயப்படணும்?" என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மகளைப் பார்த்துத்தான் சொன்னான், என்னைப் பார்த்து இல்லை.

"தண்ணிலாம் ஒத்துக்கிச்சு பாப்பா. காலேஜி பீஸு கம்மிதான். ஆஸ்டல் பீஸுதான் கட்ட முடியல. ஸ்காலர்ஷிப்பு வந்ததும் கட்டறேன்னு எழுதிக் குடுத்தேன். அது வரல. கட்டாதவங்க பேர போர்டுல ஒட்டுனாங்க. பதினாறு பேரு. பதினாறும் நம்ம பசங்க. மெஸ் கார்ட நிறுத்திட்டாங்க. ராத்திரில கோயம்பேட்டுக்குப் போயி மூட்ட தூக்குவேன். காலைல கிளாஸ்ல தூங்கிடுவேன். கோட்டாவுல வந்தா இப்டிதான்னு வாத்தியாரு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கி பெட்டிய தூக்கனவன்தான்."

அம்மா அடுப்படியில் இருந்தது. திரும்பவே இல்லை. அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகன் தோற்றுவிட்டான் என்று ஊர் சொல்லக்கூடாது என்று அந்தப் பொம்பளை பழியைத் தண்ணீர் மேல் போட்டிருக்கிறது.

மேல்நிலைப் படிப்புக்கான உதவித்தொகை 1944-லிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. அண்ணன் பேருக்கு வர வேண்டியது எப்போது வந்தது, யார் வாங்கினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பணம் வருகிறது என்பது மட்டும் போதாது, எந்த மாசம் வருகிறது என்பதில்தான் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கிறது. அம்பேத்கருக்கே 1917-இல் பரோடா உதவித்தொகை முடிந்துபோனதால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டி வந்தது. காசு சேர்த்து 1920-இல் மறுபடி போய்த்தான் முடித்தார். அந்த வலி தெரிந்தவர் என்பதால்தான் 1945-இல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கி, மறு வருஷமே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வேலைக்குப் போகிறவர்களும் படிக்க வேண்டும் என்று காலையிலேயே வகுப்பு வைத்தார்கள். பிள்ளைக்கேற்ற கல்லூரி என்று அதைத்தான் நான் சொல்வேன்.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். அண்ணன் சொன்னது பயம் இல்லை, கணக்கு. நான் சொன்னதும் தப்பில்லை. ஆனால் கணக்குப் போடாத வீரம் அது. அந்த வீரத்துக்கு வட்டி கட்டப் போவது பாப்பா.

மறுநாள் நானும் அவளும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சென்னைக்குப் போனோம். கல்லூரி அலுவலகத்தில் கேட்டோம். சீட்டு அரசு உதவிபெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா? ஒரே கட்டடம், ஒரே பேர்தான், ஆனால் சுயநிதியில் கட்டணம் பல மடங்கு. உதவிபெறும் பிரிவு என்று எழுத்தில் வாங்கினோம். உதவித்தொகை வரும்வரை கட்டணத்துக்குக் காத்திருப்பீர்களா? முதலில் மழுப்பினார்கள். விண்ணப்பமாக எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினோம். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கான பிரிவு எங்கே இருக்கிறது, பொறுப்பாளர் யார்? அந்த மேசைக்காரருக்கே தெரியவில்லை. மூன்றாவது அறையில் ஒருவர் எடுத்துக் காட்டினார்.

பிறகு வாசலில் நின்று நம் பிள்ளைகளைத் தேடினோம். ஒரு மூன்றாம் ஆண்டுப் பெண் கிடைத்தாள். அலுவலகத்தில் ஒரு மணி நேரத்தில் தெரியாததைப் பத்து நிமிஷத்தில் சொன்னாள். "மொத செமஸ்டர் இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டம்தான். சீனியர்ஸ் நாங்க நோட்ஸ் தருவோம். காலேஜ் ஆஸ்டல் வேணாம், கவர்மெண்ட் ஆஸ்டலுக்கு எழுதிப் போடுங்க. எடம் கெடைக்க லேட்டாகும். அதுவரைக்கும் எங்க ரூம்ல இருக்கட்டும்."

அந்தப் பெண் இல்லாவிட்டால் நான் பாப்பாவை அங்கே சேர்த்திருக்க மாட்டேன். எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும்.

திரும்பி வந்து நோட்டை அண்ணனிடம் கொடுத்தோம். ஆதிதிராவிடர் நல விடுதி என்றால் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025 ஜூலையில் அதற்கு சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றிவிட்டார்கள். பேர் மாறியது போல் கக்கூசுக் கதவும் மாறினால் நன்றாக இருக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் வரும். எது எந்த மாசம் வரும், வராவிட்டால் எவ்வளவு துண்டு விழும் என்று பாப்பாவே கோடு போட்டு எழுதியிருந்தாள். துண்டு 18,000. நான் பத்து, தோழர்கள் மூன்று பேர் சேர்ந்து எட்டு. கல்லூரியில் கட்ட இல்லை. உதவித்தொகை தாமதமானால் அவள் சோற்றுக்கு.

அண்ணன் நோட்டை இரண்டு தரம் படித்தான். பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்தான். "இது பூட்டு நல்லா இருக்கும்" என்றான். வேற எதுவும் சொல்லவில்லை.

தோழர்களே, மே மாசம் உங்கள் தெருப் பிள்ளைகள் விண்ணப்பத்தோடு வருவார்கள். "தைரியமா போ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "பக்கத்திலேயே படி" என்றும் அடக்காதீர்கள். கூடப் போங்கள். வாசலில் நின்று நம் பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நோட்டில் எழுதுங்கள்.

பாப்பா இன்னும் படிப்பை முடிக்கவில்லை. இங்கிலீஷில் திணறுகிறாள். ஒருமுறை போனில் அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அண்ணன் தினமும் ராத்திரி எட்டரைக்கு அவளுக்குப் போன் போடுகிறான். மார்க் கேட்பதில்லை. பாடம் கேட்பதில்லை.

"சோறு போட்டாங்களா?" என்கிறான்.

"போட்டாங்கப்பா."

வைத்துவிடுகிறான்.