மழையில் கை நீட்டியவர்

சென்ற வாரம் பேரன் செல்பேசியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். வெறிச்சோடிய சாலை, நீளமான கோட்டு, செம்பட்டைத் தலைமுடி. உடனே தெரிந்துவிட்டது. 'தி ஹிட்சர்'.

1986இல் வந்த அமெரிக்கப் படம். 1988 வாக்கில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து வீட்டில் பார்த்தோம். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இந்தப் பழக்கத்தின் பெயர் 'ஓட்டோ-ஸ்டோப்'. நம்மூரில் லிப்ட் கேட்பது.) சிகாகோவிலிருந்து சான் டியேகோவுக்கு ஒருவருடைய காரைக் கொண்டு சேர்க்கப் போகும் இளைஞன், கொட்டும் மழையில் ரோட்டோரம் நிற்பவனை ஏற்றிக்கொள்கிறான். இப்படிச் செய்யாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டேதான் ஏற்றுகிறான். ஏறியவன் கொலைகாரன். கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதைக் கவனித்து இளைஞன் அவனை வெளியே தள்ளிவிடுகிறான். அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது, ஒரு குடும்பம் போகும் காரில், குழந்தைகளோடு விளையாடியபடி அவன்!

டச்சு நடிகர் ருட்கர் ஹாவர் கத்தாமல், லேசாகச் சிரித்தே குலை நடுங்க வைப்பார். ஏன் கொல்கிறான் என்று படம் சொல்வதே இல்லை. பிடிபட்ட பிறகும் அவன் யார் என்று போலீசுக்கு ஒரு பதிவும் கிடைக்காது. குமாஸ்தாவான எனக்கு அதுவே பெரிய திகில். கோப்பே இல்லாத மனிதன்!

அந்த வருஷம் கார்த்திகை மாதம். விழுப்புரத்தில் மாமனாரைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் புதுச்சேரி திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல். மதகடிப்பட்டு நெருங்கும்போது நல்ல மழை. புளியமரத்தடியில் ஒருவர் கை நீட்டினார். தலையில் சாக்கு. முகம் தெரியவில்லை. எனக்கு அந்தக் கோட்டுக்காரன்தான் தெரிந்தான். ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

கடந்து போகும்போது விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சாக்குக்குள் அவர் தோளில் ஒரு குழந்தை. கை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கமா, காய்ச்சலா?

நிறுத்தியிருக்கலாம். திரும்பியிருக்கலாம். திருபுவனை வரை அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன், வீடு வரைக்கும் ஓட்டினேன்.

"என்னங்க, இவ்ளோ நனைஞ்சிருக்கீங்க, எங்கயாவது ஒதுங்கி நிக்கறதுதானே?" என்றாள் மனைவி.

"வழியில யாருமே இல்ல" என்றேன்.

அவள் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் தலை துவட்டத் துண்டு எடுக்க உள்ளே போய்விட்டாள்.