பொதியில் மிச்சம்

கிளிநொச்சி நிலையத்தில் இரவு றெயிலுக்காக நானும் அக்காவும் காத்திருந்தோம். 1990இல் நின்ற வடபகுதி றெயில் 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்பியது. ஆனாலும் வெள்ளவத்தையிலுள்ள தங்கையிடம் அக்கா ஒருமுறைகூடப் போனதில்லை. காரணம் எனக்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது.

“நித்திரையில சலம் போகுது, பிள்ளை. அவளின்ரை மெத்தையை நனைச்சுப்போட்டு எந்த முகத்தோட நிக்கிறது?”

முதலில் வைத்தியரிடம் போனோம். நீரிழிவு, கிருமித்தொற்று, முள்ளந்தண்டுக் காயம் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாமே. மருந்து தொடங்கியாயிற்று. பயணத்துக்கு வேறு வழி வேண்டும்.

பாமசியில் அக்கா வெட்கப்பட, நானே கேட்டேன். மாதவிடாய்ப் பாட் இதற்குப் போதாது. ஒரேயடியாக வரும் சலத்தை அது தாங்காது. பெரியவர்களுக்கான பம்பர்ஸில் பக்கங்களில் ஒட்டும் வகை படுக்கையில் இருப்பவருக்கு வசதி. நடமாடுபவருக்கு உள்ளாடைபோல் இழுத்துப் போடும் வகை. அக்கா பெரிய அளவையே காட்டினார். தளர்வாக இருந்தால் தொடையோரம் கசியும் என்று சொல்லி, இடுப்பை அளந்து எடுத்தோம். விலை கொஞ்சமல்ல. சிறிய பொதியாக வாங்கி, வீட்டிலேயே ஓரிரவு போட்டுப் பார்த்தார்.

றெயிலில் தண்ணீர் வேண்டாம் என்றார். எங்கள் பெண்கள் பலர் செய்யும் பிழை இது. சலம் செறிந்தால் சலப்பை உறுத்தும். இரவுத் தேநீரை விட்டால் போதும்.

விடியக் கோட்டை நிலையத்தில் மாற்றினார். பாவித்ததைச் சுருட்டிச் சொப்பிங் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டோம். மலசலகூடத்துள் போட்டால் அடைக்கும்.

தங்கை வீட்டில் அன்றிரவு விரிப்பின்கீழ் றப்பர் சீற் ஒன்றையும் விரித்தார். காலையில் மெத்தை காய்ந்தே இருந்தது. “இன்னும் ரெண்டு நாள் நில்லுங்கோவன் அக்கா” என்றாள் தங்கை.

அக்கா அறைக்குள் போய்ப் பொதியைத் திறந்து எண்ணினார். மூன்று இருந்தன.