பைன் காட்டில் சர்க்கரை மணல்

பாட்ஸ்டோ கிராமத்தைத் தாண்டித் தார்ச்சாலை முடிந்ததும் நண்பன் ஜீப்பை நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைப் பாதியளவுக்கு இறக்கினான். காற்று குறைந்தால் டயர் நீளமாகப் படியும், பாரம் பரவும், மணலில் புதையாது. "இனிமே சடார்னு பிரேக் போடக்கூடாது மச்சான், அவ்வளவுதான்" என்றான். எடிசன் நகரில் மென்பொருள் வேலை அவனுக்கு. விடுமுறையென்றால் இங்கேதான் கிடப்பான்.

நியூ ஜெர்சியின் வார்ட்டன் அரசுக் காடு இது. நியூயார்க்கிலிருந்து சுமார் இரண்டு மணி நேரத் தொலைவு என்றால் நம்ப முடியவில்லை. இருபுறமும் பைன், நடுவில், ஊரார் 'சர்க்கரை மணல்' என்கிற வெள்ளைப் பொடி. ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். ஸ்டீயரிங் பேருக்குத்தான், முன்னே போன வண்டிகளின் தடம் இழுக்கிற பக்கம் நாமும் போகிறோம். வேகம் குறைந்தால் சக்கரம் அமிழ்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தானே குழி தோண்டிக்கொள்கிறது. மழைக்கு மறுநாள் வந்தால் மணல் இறுகி, பாதை சாதுவாக இருக்குமாம்.

அந்த மழைநீரும் மேலே தங்குவதில்லை, நேரே கீழே இறங்கிவிடும். அதனால் காடு காய்ந்து அடிக்கடி எரிகிறது. பிட்ச் பைன் அதற்கும் பழகிவிட்டது. கரிந்த அடிமரத்திலிருந்தே பச்சைக் கொத்துகள் வெடித்து நிற்பதைப் பார்த்தேன். சில மரங்களின் கூம்புகள் பிசினால் ஒட்டிக்கிடக்கும். தீயின் சூடு பட்டால்தான் திறந்து விதை உதிர்க்கும்.

மண்ணுக்கடியிலோ 17 லட்சம் கோடி கேலன் தண்ணீர். அதை பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய் விற்கத்தான் 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் இந்த நிலத்தையெல்லாம் வாங்கிக் குவித்தார். வெளி மாநிலத்துக்குத் தண்ணீர் போகக்கூடாதென்று சட்டமன்றம் தடுத்துவிட்டது. 1950களில் அரசே நிலத்தை வாங்கியது. ஒரு மனிதரின் வியாபாரக் கணக்கு தப்பியதால் ஒரு காடு மொத்தமாகப் பிழைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓடையில் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம். செடார் மரச் சாயமும் மண்ணின் இரும்பும் கலந்தது. அந்த இரும்பை உருக்கித்தான் பாட்ஸ்டோ உலை அமெரிக்கப் புரட்சிப் படைக்குத் தளவாடம் அனுப்பியது.

ஓரிடத்தில் பாதை முழுக்கக் குட்டை. சேறு தெறிக்கப் பாய்வதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. அந்த வீரத்தில் எனக்கு மரியாதை இல்லை. இத்தகைய ஆழமற்ற அமில நீரில்தான் இக்காட்டுக்கே பேர்போன பச்சை மரத்தவளைகள் முட்டையிடுகின்றன. ஓரமாக ஒதுங்கிப் போனாலோ பாதை அகன்று செடிகள் நசுங்கும். நண்பன் ரிவர்ஸ் போட்டான். பின்னால் ஓட்டும்போது சர்க்கரை மணல் இன்னும் முரண்டு பிடிக்கிறது. முந்தைய கிளைப்பாதைக்கு வந்து சேர்வதற்குள் அவன் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.