நோயாளியின் தலைமாட்டில் நறுமணம்

நோயாளியைச் சுகம் விசாரிக்கப் போவது சுன்னத்தான காரியம் என்பதை நமது தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. போகும்போது என்ன வாசனையோடு போகிறோம் என்பது பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

எனது உம்மா பாரிசவாதத்தால் பதினொரு மாதங்கள் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்தவர்களில் சிலர் வாசலில் நின்றவாறே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உம்மாவுக்கு வாய்தான் பேசாது. கண் எல்லாவற்றையும் பார்க்கும். உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வருத்தத்தைவிட அந்த வெட்கமே அவரை அதிகம் வாட்டியது. இதை முதலில் கண்டுகொண்டவர் எனது ராத்தா. அன்றிலிருந்து நாள் தவறாமல் விரிப்புகளை மாற்றி, வெயிலில் காயவைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்தார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு கிண்ணத்தில் சிறிது பன்னீரும் நாலு மல்லிகைப் பூவும் தலைமாட்டுக்கு வந்தன. வந்தவர்கள் கட்டிலருகே அமர்ந்து உம்மாவின் கையைப் பிடித்துப் பேசத் தொடங்கினார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்புவதும் நின்றது.

இது ஒன்றும் புதுமையல்ல. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் எதிர்னே நகரில் அமைத்த வைத்தியசாலை 1488 இல் கட்டிமுடிக்கப்பட்டது. அங்கே மனநோயாளிகளுக்கு இசையோடு பூக்களின் வாசனையும் கொடுக்கப்பட்டதை 17 ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதிவைத்திருக்கிறார். (இசை பற்றிய மஸ்அலாவை இங்கே இழுக்க வேண்டாம்.) இன்று அக்கட்டடம் ஓர் அருங்காட்சியகம்.

வாசனையை உணரும் நரம்புகள், மூளையில் உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையவை. லாவண்டர் எண்ணெயின் வாசனை சத்திரசிகிச்சைக்கு முந்திய பதற்றத்தைச் சற்றுக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. மனதை அமைதிப்படுத்துவது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு. எண்ணெய் விற்பவரின் பேச்சைக் கேட்டு டொக்டர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நறுமணம் கொடுக்கப்பட்டால் நபி (ஸல்) அவர்கள் மறுக்க மாட்டார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் உண்டு. அதைச் சொல்லிக்கொண்டே நோயாளியின் மூக்கருகே அத்தர்க் குப்பியை நீட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். வெள்ளைப்பூண்டு தின்றவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வரவேண்டாம் என்றதும் அதே நபிதான். பக்கத்திலிருப்பவரின் மூக்குக்கும் உரிமை உண்டு. வார்டில் அடுத்த கட்டிலில் முட்டு வருத்தக்காரர் இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்படுபவர்களுக்கும் நல்ல வாசனையே குமட்டலை உண்டாக்கலாம். பிள்ளை பெற்ற வீட்டில் கதவை மூடிச் சாம்பிராணி போடுகிறோமே, மணந்தாலும் புகை புகைதான். பச்சிளம் குழந்தையின் நெஞ்சுக்கு அது ஆகாது. ஒட்சிசன் சிலிண்டர் இருக்கும் இடத்திலோ நெருப்பையே கொண்டுபோகக் கூடாது.

அதனால் முதலில் நோயாளியிடம் கேளுங்கள். எனது மாணவர் ஒருவரின் உம்மும்மா வார்டில் கேட்டது அத்தரையல்ல, கொத்தமல்லி வறுக்கும் வாசனையை. பேத்தி வறுத்த கொத்தமல்லியை ஒரு சிறு துணியில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டுக்கு வரும்வரை அந்த முடிச்சு தலையணைக்கடியிலேயே இருந்ததாம்.